ஸ்டீயரிங்கில் கியர், தரையில் கியர்: டர்பன் ஜேகப்ஸில் ஒரு பழைய கார்ப் பட்டறை

டர்பனின் தென்பகுதியில், கிளேர்வுட்டை அடுத்த ஜேகப்ஸ் தொழிற்பேட்டையில், பழைய கார்களின் கியர் அமைப்புகளைச் சீர்செய்வதையும் மாற்றியமைப்பதையுமே முழுநேர வேலையாகக் கொண்ட சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று பட்டறைக்காரரே கேட்டுக்கொண்டார். இப்போது வாசலில் நிற்கும் வண்டிகளை முடித்துக் கொடுக்கவே ஆள் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். கிளேர்வுட் முருகன் கோயில் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். எங்கள் குடும்பத்து வேலியன்ட்டும் என் மைத்துனரின் மோரிஸ் மைனரும் இந்த ஆண்டு அங்கே வேலைக்குச் சென்றன. வேலியன்ட்டில் ஏற்கெனவே இருந்த அமைப்பைப் பழுது நீக்கினார்கள். மைனரில் கியர் பெட்டியையே மாற்றினார்கள். இரண்டையும் மேட்டிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பார்த்த பிறகு நான் சொல்லக்கூடியது இதுதான்: பழுது நீக்கும் வேலைக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் நாடலாம், மாற்றும் வேலைக்குப் போவதென்றால், என்னென்ன செய்யப்படும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலியன்ட் 1960களில் தென்னாப்பிரிக்கச் சாலைகளில் மிகப் பரவலாக ஓடிய கார்களில் ஒன்று. கிரைஸ்லர் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் இஞ்சின் அதில் 30 பாகை ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். 170 கன அங்குலத்திலும் 225 கன அங்குலத்திலும் அது வந்தது. எங்கள் வண்டியில் மூன்று கியர் பெட்டி. லீவர் ஸ்டீயரிங் தண்டிலிருந்து நீண்டிருக்கும். அமெரிக்காவில் 1938, 1939ஆம் ஆண்டுகளில் இவ்வகை லீவர் பரவத் தொடங்கியதற்கு முதன்மையான காரணம், தரையிலிருந்து லீவரை எடுத்துவிட்டால் முன்பக்கத்து நீள இருக்கையில் மூவர் தாராளமாக உட்காரலாம் என்பதுதான். பிள்ளைகள் நிறைந்த வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதை, தாத்தா பாட்டிக்கு நடுவே உட்கார்ந்து கடற்கரைக்குப் போன தலைமுறையினர் அறிவார்கள். இன்றைக்கு இந்த லீவருக்கு வேறொரு பயனும் உண்டு: இந்த நகரத்தில் கார் திருட வருகிற இளைஞர்களில் பெரும்பாலோருக்கு இதில் முதல் கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

முதல் கியருக்கு லீவரைத் தன்பக்கம் இழுத்துக் கீழே தள்ள வேண்டும். ரிவர்ஸுக்குத் தன்பக்கம் இழுத்து மேலே தூக்க வேண்டும். இரண்டாவது கியர் அப்பக்கம் தள்ளி மேலே. மூன்றாவது அங்கிருந்து நேர் கீழே. இந்தக் கை அசைவுக்குப் பின்னால் நடப்பது சிக்கலானதன்று. ஸ்டீயரிங் தண்டின் அடியில் இரண்டு இரும்புக் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று முதல் கியரையும் ரிவர்ஸையும் கவனிக்கிறது; மற்றது இரண்டாவதையும் மூன்றாவதையும் கவனிக்கிறது. லீவரை இழுப்பதும் தள்ளுவதும், தண்டுக்குள் இருக்கும் ஒரு சிறு தகடு இந்தக் கைகளில் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு கையிலிருந்தும் ஓர் இரும்பு ராடு கியர் பெட்டியின் பக்கவாட்டு லீவருக்குப் போகிறது. இரண்டு கைகளும் நியூட்ரலில் ஒரே நேர்கோட்டில் நிற்கும்போதுதான் தகடு ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவ முடியும். ராடுகளின் முனைகளில் இருக்கும் ரப்பர் அல்லது நைலான் புஷ்கள் (துளைக்குள் பொருத்தும் உறைகள்) தேய்ந்து, துளைகள் முட்டை வடிவமாகிவிட்டால், அந்த நேர்கோடு கலைந்துவிடும். அப்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வழியில் தகடு இரண்டு கைகளுக்கும் இடையே மாட்டிக்கொள்ளும். வண்டி நடுத்தெருவில் நிற்க, ஓட்டுநர் போனட்டைத் திறந்து, சூடான இஞ்சினுக்கு அருகே கையை விட்டு, அந்த இரண்டு இரும்புக் கைகளையும் தட்டி நேராக்கிய பிறகுதான் புறப்பட முடியும். மூன்று கியர் கார் ஓட்டிய பெரியவர்கள் எல்லாரிடமும் இப்படிப்பட்ட ஒரு கதை இருக்கும்.

எங்கள் வண்டிக்கும் அதே நோய்தான். முன்பு காட்டிய வேறொரு பட்டறையில், வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல், தரையில் லீவர் வைத்துவிடுங்கள் என்றார்கள். ஸ்டீயரிங் லீவரை ஒட்டுமொத்தமாகப் பழித்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. பியூஜோ 404 நான்கு கியர்களோடு ஸ்டீயரிங் லீவரில் விற்கப்பட்ட கார். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தை 1963இலும், பின்னர் 1966 முதல் 1968 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகளும் வென்ற மாடல் அது. அமைப்பிலேயே குறை இருந்திருந்தால் அந்தச் சேற்றிலும் புழுதியிலும் அது தாக்குப்பிடித்திருக்காது. சில ராண்டுகள் பெறுமதியுள்ள புஷ் தேய்ந்ததற்காக முழு அமைப்பையும் பிடுங்கி எறியச் சொல்வது, செருப்புக் கடித்ததற்காகக் காலை வெட்டச் சொல்வதற்குச் சமம்.

ஜேகப்ஸ் பட்டறையில் எனக்கு முதலில் பிடித்தது, அவர்கள் சோதிக்கும் வரிசை. லீவரைத் தொடுவதற்கு முன்னால் கிளட்ச்சைப் பார்த்தார்கள். இஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளட்ச்சை முழுக்க அழுத்தி, சில நொடிகள் பொறுத்து, ரிவர்ஸில் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் பல்சக்கரம் கரகரத்தால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள்; அந்த நிலையில் ராடுகளை எவ்வளவு சரிசெய்தாலும் பயனில்லை. எங்கள் வண்டியில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. அடுத்து இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, கியரில் போட்டுக் கிளட்ச்சை மெல்ல விட்டபோது இஞ்சின் ஒருபக்கம் நன்றாகத் தூக்கிக்கொண்டது. ஸ்டீயரிங் தண்டு வண்டியின் உடலோடு பிணைந்திருக்கிறது. கியர் பெட்டி இஞ்சினோடு சேர்ந்து அசைகிறது. இரண்டுக்கும் இடையே ராடுகள் இருப்பதால், மவுண்டு செத்துப்போனால் அந்த இடைத்தூரம் வண்டி மேடேறும்போது ஓர் அளவும் சமதரையில் வேறோர் அளவும் ஆகிவிடும். மேட்டில்தான் கியர் மாட்டிக்கொள்கிறது என்று நாங்கள் சொல்லிவந்ததற்கு விளக்கம் அங்கே கிடைத்தது. மூன்றாவதாகத்தான் ஜாக்கில் தூக்கி ராடுகளைப் பார்த்தார்கள்.

வேலை முழுவதும் லேத்தில் நடந்தது. முட்டை வடிவமான துளைகளை வெல்டிங் வைத்து அடைத்து, மறுபடியும் வட்டமாகத் துளையிட்டார்கள். ரப்பர் புஷ்களுக்குப் பதிலாக வெண்கல புஷ் கடைந்து போட வேண்டுமா, கடினமான பிளாஸ்டிக்கில் கடைய வேண்டுமா என்று கேட்டபோது, பட்டறைக்காரர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. ராடுகளின் முனைகளில் வெண்கலம் போட்டால் இஞ்சினின் நடுக்கமெல்லாம் லீவர் வழியாகக் கைக்கு வந்துவிடும். ஆகையால் அங்கே பிளாஸ்டிக். ஸ்டீயரிங் தண்டின் அடிப்புறத்தில், லீவர்க் குழாய் சுழலும் இடத்தில் எடையும் தேய்மானமும் அதிகம், அங்கே வெண்கலம். லீவர் தண்டோடு சேரும் கழுத்தில் இருந்த குறுக்கு முளை பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. லீவரின் நுனி ஆடுவதில் பெரும்பகுதிக்கு அந்த முளைதான் காரணம் என்பதைக் கழற்றிக் கையில் கொடுத்துக் காட்டினார். குறுக்கே தாவும் தகட்டின் விளிம்பு உருண்டுபோயிருந்தது. அதையும் உலோகம் ஏற்றி அரத்தால் கூர்மையாக்கினார்கள். புதிய தகட்டை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கலாம். வேலியன்ட் அங்கேயும் பெருவாரியாகத் தயாரிக்கப்பட்டதால் உதிரிப்பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் அஞ்சல் செலவும் சுங்கமும் பொருளின் விலையைத் தாண்டிவிடும் என்று அவரே தடுத்தார். பொருள் விற்று லாபம் பார்க்க நினைப்பவர் இப்படிச் சொல்ல மாட்டார்.

எல்லாம் பூட்டிய பிறகு செய்யும் அளவீடுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கியர் பெட்டியின் இரண்டு பக்கவாட்டு லீவர்களையும் நியூட்ரலில் வைத்து, ஸ்டீயரிங் தண்டின் அடியிலுள்ள இரண்டு கைகளையும் ஒரு நேரான கம்பியால் கோத்து அசையாமல் நிறுத்தி, அதன் பிறகே ராடுகளின் நீளத்தைத் திருகி இறுக்க வேண்டும். கம்பியை உருவிய பின் லீவர் தன்னிச்சையாக இரண்டாவது, மூன்றாவது கியர்களின் பக்கம் போய் நிற்க வேண்டும். அங்கிருந்து தன்பக்கம் இழுத்தால் எங்கும் தட்டக் கூடாது. இதை வண்டி ஜாக்கில் நிற்கும்போது ஒருமுறையும், நான்கு சக்கரங்களும் தரையில் நிற்கும்போது மறுமுறையும் செய்தார்கள். இரண்டாவது முறை சிறு திருத்தம் தேவைப்பட்டது. பல பட்டறைகள் முதல் முறையோடு நிறுத்திவிடுகின்றன.

வண்டியைத் திரும்ப எடுத்ததும் பைன்டவுனுக்கு அப்பால் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். சாலை மேலே போகப்போக மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்க வேண்டிவரும். முன்பு அந்த இடத்தில் உள்ளங்கை வியர்க்கும். இப்போது லீவர் இரண்டு விரலில் போகிறது, போய்ச் சேர்ந்ததும் ஒரு மெல்லிய தட்டு கைக்குத் தெரிகிறது. முதல் கியரில் சின்க்ரோமெஷ் (பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைத்துச் சத்தமில்லாமல் சேர்க்கும் அமைப்பு) இல்லை என்பது மட்டும் பழையபடியே இருக்கிறது. வண்டி முழுவதும் நின்ற பிறகோ, இரண்டு முறை கிளட்ச் மிதித்து நடுவில் ஒரு சிறு முடுக்கல் கொடுத்தோதான் முதல் கியருக்கு இறக்க வேண்டும். அது கியர் பெட்டியின் பிறவிக் குணம். ராடு வேலையால் மாறாது. இதைப் பட்டறைக்காரர் முன்கூட்டியே சொன்னார், பில்லிலும் எழுதினார்.

தரை லீவர் கேட்டு வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் அதே மூன்று கியர் பெட்டியை வைத்துக்கொண்டு லீவரை மட்டும் தரைக்கு இறக்குவதில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று முதலில் உட்கார வைத்துச் சொல்கிறார். கிடைப்பது, ராடுகள் குட்டையாவதால் வரும் துல்லியம். போவது நடு இருக்கை. தரையில் ஒரு துளை. நீள இருக்கை முன்னால் தள்ளியிருந்தால் பின்பக்கம் வரும் கியர்களில் லீவர் இருக்கையில் இடிக்கும் தொல்லை. போதாததற்கு ஸ்டீயரிங் தண்டில் வெறுமையாக நிற்கும் ஓட்டையை மூட ஒரு தகடு. நான் இருந்த அன்று வந்த இளைஞர் ஒருவரிடம், "தம்பி, நாலு கியர் பெட்டி கிடைத்தால் எடுத்துக்கொண்டு வா, தரையில் வைத்துத் தருகிறேன், மூணு கியருக்காகத் தரையை வெட்டாதே," என்றார். கியர்களின் எண்ணிக்கை கூடாமல் லீவரின் இடத்தை மட்டும் மாற்றுவது, என் கணிப்பிலும், தோற்றத்துக்காகச் செய்யும் செலவுதான்.

இனி மோரிஸ் மைனர். இங்கே கதை அவ்வளவு எளிதானதன்று. 1948இல் வெளிவந்த இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1962 முதல் வந்த 1098 சிசி இஞ்சின் மாடல்தான் என் மைத்துனருடையது. அதன் நான்கு கியர் பெட்டியிலும் முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது. எந்த நாளும் பிரச்சினை கொடுக்காத பெட்டி அது. என்ஜின் ஆயிலையே அதற்கும் ஊற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரே சொன்ன பெட்டி. கியர் ஆயில் என்று பெயர் இருப்பதாலேயே தடித்த ஆயிலை ஊற்றி, குளிர்காலக் காலைகளில் கியர் விழவில்லை என்று புலம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொதுவாகவே, பித்தளைச் சின்க்ரோ வளையங்கள் உள்ள பழைய பெட்டிகளில் கடும் அழுத்தத்துக்கென்று வரும் ஜிஎல்-5 வகை கியர் ஆயிலைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள கந்தகச் சேர்மானங்கள் மஞ்சள் உலோகங்களை அரிக்கக்கூடும், வழுக்கலும் மிகுதியாக இருப்பதால் சின்க்ரோ பிடிக்காது. இந்தப் பட்டறையில் ஒவ்வொரு வண்டிக்கும் என்ன ஆயில் ஊற்றப்பட்டது என்பதைக் கியர் பெட்டிக்கு மேலேயே சிறு அட்டையில் எழுதிக் கட்டிவிடுகிறார்கள். நல்ல பழக்கம்.

என் மைத்துனர் மாதத்தில் பல முறை பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வருகிறவர். மைனரின் நான்காவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போனால் இஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்று சுற்றும்; அந்த இரைச்சலில் பேச முடியாது. அதற்காகத்தான் ஃபோர்டு சியாராவில் வந்த டைப் 9 என்ற ஐந்து கியர் பெட்டியை வைக்கச் சொன்னார். மைனர்காரர்களிடையே உலகெங்கும் பரவலான மாற்றம் இது. இந்தப் பெட்டியின் பெல் ஹவுசிங் (இஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூடு) தனியாகக் கழற்றக்கூடியது என்பதால், மைனரின் இஞ்சினுக்குப் பொருந்தும் இன்னொரு கூட்டை வைத்துச் சேர்ப்பது எளிது. தென்னாப்பிரிக்காவில் சியாரா 1984 முதல் தயாரிக்கப்பட்டதால் பழைய பெட்டிகள் இன்னும் உடைப்புக் கடைகளில் தட்டுப்படுகின்றன. மிகுந்த குதிரைத்திறன் உள்ள இஞ்சின்களோடு சேர்த்தால் இதன் பேரிங்குகள் தாங்குவதில்லை என்ற குற்றச்சாட்டு உண்டு. 48 குதிரைத்திறன் கொண்ட மைனருக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை.

வேலையின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. மைனரின் கியர் பெட்டிக்கு மேலே தரையில் திருகுகளால் பூட்டிய மூடி ஒன்று உண்டு. புதிய லீவருக்காக அதை வெட்ட வேண்டும். பட்டறைக்காரர் வேறொரு பழைய மூடியைத் தேடி வாங்கி அதை வெட்டினார். அசல் மூடியைத் துடைத்து, எண்ணெய் பூசி, பொதிந்து கொடுத்தார். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் அப்படியே: அசலைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைச் செய்து பூட்டினார். நாளைக்கு யாராவது இந்தக் காரை ஆலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோக விரும்பினால், ஒரு திருகு விடாமல் முடியும். பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் தண்டைக் குட்டையாக்கி, சமநிலை பார்த்து, அந்த அளவைத் தண்டிலேயே பொறித்திருந்தார்கள். ராடுகளால் இயங்கிய பழைய கிளட்ச்சுக்குப் பதிலாக ஹைட்ராலிக் அமைப்பு வைத்ததில் கால் மிதி வெகுவாக இலகுவாகிவிட்டது. இவ்வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆயிலை வடிக்கும் திருகு கிடையாது. வெளியே இருக்கும்போதே அதற்கும் ஒரு துளை போட்டுத் திருகு வைத்தார்கள். கேட்காமலே செய்த வேலை.

ஐந்தாவது கியரின் விகிதம் 0.82; அதாவது ப்ரொப்பெல்லர் தண்டு ஒரு சுற்று சுற்ற இஞ்சின் 0.82 சுற்று சுற்றினால் போதும். நெடுஞ்சாலையில் சுற்று 3,100 அளவுக்கு இறங்கிவிடுகிறது; ரேடியோ கேட்கிறது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் கேட்கிறது. என் மைத்துனருக்கு முழுத் திருப்தி. எனக்கு அந்த அளவு திருப்தி இல்லை, காரணம் மேடு. இந்த விகிதங்களைப் பாருங்கள்: மைனரின் பழைய பெட்டியில் இரண்டாவது கியர் 2.17, டைப் 9இல் அது 1.97. முதல் கியர்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே என்றாலும், இரண்டாவதில் இழுவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியின் செங்குத்தான உட்தெருக்களில் பழைய மைனர் இரண்டாவதிலேயே முனகிக்கொண்டு ஏறிவிடும். புதிய பெட்டியோடு முதலுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. முதலில் சின்க்ரோமெஷ் இருப்பதால் இறக்குவது சுலபம் என்பது ஆறுதல். நெடுஞ்சாலையிலும், கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு ஏறும் என்3 சாலையில் ஐந்தாவது கியர் பாதி வழிக்குக்கூடப் பயன்படுவதில்லை. வீடு திரும்பும் இறக்கத்தில்தான் அதன் சுகம் தெரியும். டர்பனைச் சுற்றி மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் செலவு வீண். அவர்களுக்கு நான் சொல்வது, பின் அச்சில் இழுவையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் 4.22 விகித டிஃப்பரன்ஷியலுக்குப் பதிலாக எம்ஜி மிட்ஜெட் காரில் வந்த 3.9ஐத் தேடிப் போடுங்கள் என்பதே. சுற்று 3,500 அளவுக்குத்தான் இறங்கும்; ஆனால் கியர் பெட்டியைத் தொட வேண்டாம், தரையைத் தொட வேண்டாம், செலவும் மிகக் குறைவு. பட்டறைக்காரரிடம் இந்த வழியைக் கேட்டால் சொல்கிறார், கேட்காவிட்டால் சொல்வதில்லை. வேலியன்ட் விஷயத்தில் அவ்வளவு நேர்மையாகச் செலவைக் குறைத்தவர் மைனரில் ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஐந்து கியர் வைப்பதில் அவருக்கு இருக்கும் ஆர்வமே காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிரேக்கைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரைச்சல் குறைந்ததும் கார் தானாகவே வேகமாக ஓட்டப்படுகிறது. நிறுத்துவது மட்டும் அதே எட்டு அங்குல முன் டிரம்கள்தாம். மாற்றத்துக்கு வரும் ஒவ்வொரு மைனருக்கும் பிரேக் லைனிங்கையும் வீல் சிலிண்டர்களையும் சேர்த்துப் பார்ப்பதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

ஸ்பீடோமீட்டர்தான் உண்மையான குறை. கேபிளை இணைக்கும் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள், ஆனால் முள் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருக்கிறது. கைபேசியின் ஜிபிஎஸோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தது. கேமராக்கள் நிறைந்த சாலையில் இது சிறிய விஷயமன்று. பட்டறையில் சொன்னதற்கு, ஸ்பீடோமீட்டரைத் திருத்துவது தங்கள் வேலையில் சேராது, வேறிடத்தில் கொடுங்கள் என்றார்கள். அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் வேலை தொடங்கும் முன் சொல்லியிருக்க வேண்டிய நியாயம். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று முதலில் சொன்னது இதனால்தான்: ஸ்பீடோமீட்டர், ரிவர்ஸ் விளக்கின் சுவிட்ச், லீவரின் ரப்பர் உறை, கார்ப்பெட்டை மறுபடி வெட்டித் தைப்பது ஆகியவை விலையில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எங்களுக்கு இவற்றில் ரப்பர் உறை மட்டுமே அடங்கியது.

நேரம் தவறுவதும் உண்டு. சொன்ன நாளில் வண்டி கிடைக்காது. தொலைபேசியில் கேட்டால் வேலை நடக்கிறது என்ற ஒரே பதில். தைப்பூசம், சித்திரா பௌர்ணமி போன்ற நாள்களுக்கு முன்னும் பின்னும் பட்டறை மூடியிருக்கும் என்பதை நம்மவர்கள் புரிந்துகொள்வார்கள். மற்ற நாள்களில் ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பலாம். கல்யாணத்துக்கு ஓட்ட வேண்டிய வண்டியாக இருந்தால் முகூர்த்தத்துக்கு வெகு முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். வண்டிகள் நிற்கும் முற்றத்துக்குக் கூரை பாதிதான். கடல் காற்றும் உப்பும் உள்ள இந்த ஊரில், பெயின்ட் உரிந்த வண்டியை நீண்ட நாள் அங்கே விட்டு வைக்க எனக்கு மனம் வராது. மூடுதுணி ஒன்றை நாமே கொண்டுபோனால் போர்த்தி வைக்கிறார்கள்.

விலையைப் பொறுத்தவரை, வேலியன்ட்டின் ராடு வேலையும் இரண்டு இஞ்சின் மவுண்டுகளும் சேர்ந்து 6,000 ராண்டுக்குள் முடிந்தன. மைனரின் மாற்றம், பெட்டியையும் பொருத்தும் தொகுப்பையும் சேர்த்து, அதைப் போல எட்டு மடங்கைத் தாண்டியது. முன்பணம் பாதி, மீதி வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு. ஓட்டிப் பார்க்கும்போது பட்டறைக்காரரே பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். திருப்தி இல்லாத இடத்தைச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு அன்றே மறுபடி ஜாக்கில் ஏற்றுகிறார். பில் கையால் எழுதியது, கையெழுத்தைப் படிக்க அவர் மருமகளின் உதவி வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், வேலியன்ட் பாகங்களுக்கு மாதிரியாக அவை எப்போதாவது தேவைப்படும்.

ராடு வேலைக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு மறு இறுக்கல் இலவசம். புதிய புஷ்கள் அந்தத் தூரத்தில் கொஞ்சம் படிந்துவிடும் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது. காலையிலேயே போனால், இஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்து, மதியத்துக்குள் அனுப்பிவிடுகிறார்கள்.